கப்பல் தளத்தில் ஹெலிகாப்டர்: ரேடியோவில் எதை, எப்போது, எப்படிச் சொல்வது

ஹெலிகாப்டர் கப்பலின் பின்தளத்துக்கு மேலே ஆளுயரத்தில் நிற்கும்போது பைலட்டிடம் பேசக் கூடாது. அந்தச் சில விநாடிகளில் அவர் காதுக்குப் போகலாம் என்று அனுமதி உள்ள சொல் ஒன்றுதான்: 'வேவ் ஆஃப்'. இறங்காதே, விலகிப் போ என்று பொருள். காற்று, கப்பலின் திசை, ஆட்டம், தளத்தின் நிலை என்று மற்ற எல்லாமே அதற்கு முன்பே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கீழே வரும் நடைமுறைகள் எல்லாம் அந்த அமைதியை உண்டாக்குவதற்குத்தான்.

யார் பேசுவது

கப்பலில் நான்கு இடங்கள் இந்த வேலையில் இருக்கும். கப்பலை ஓட்டும் பிரிட்ஜ். தளத்தைக் கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டு அறை. ரேடாரில் பார்த்து வழிசொல்லும் கன்ட்ரோலர் இருக்கும் ஆபரேஷன்ஸ் அறை. தளத்தில் கைச்சைகை காட்டி நிற்கும் சைகைக்காரர். ஒவ்வொரு கடற்படையிலும் பதவிப் பெயர் மாறும், வேலை மாறாது.

பைலட்டிடம் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் பேச வேண்டும். தூரத்தில் இருக்கும்வரை கன்ட்ரோலர். கப்பல் கண்ணில் பட்டதும் பொறுப்பைக் கட்டுப்பாட்டு அறை அதிகாரி வாங்கிக்கொள்வார். கைமாறும் இடத்தை ரேடியோவில் சொல்லியே மாற்ற வேண்டும்: 'இனி டவரிடம் பேசு' என்று கன்ட்ரோலர் சொல்லி (கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் 'டவர்' என்று பெயர்), டவரிடமிருந்து பதில் வந்ததைக் கேட்ட பிறகே அவர் வாயை மூட வேண்டும். இரண்டு பேரும் பேசினாலும் ஆபத்து, மற்றவர் பேசுவார் என்று இரண்டு பேரும் சும்மா இருந்தாலும் ஆபத்து. இரண்டாவதுதான் கண்டுபிடிக்கக் கடினம்.

சைகைக்காரர் பைலட்டிடம் ரேடியோவில் பேசுவதில்லை. அவர் மொழி கை. அவருக்குக் கட்டுப்பாட்டு அறையோடு உள்தொடர்பு மட்டும் இருக்கும். அவர் காட்டும் மற்ற சைகைகள் பைலட்டுக்கு வழிகாட்டல்; 'அப்படியே நில்', 'விலகிப் போ' இரண்டும் கட்டளை.

எந்த அலைவரிசை

ராணுவ விமான ரேடியோ பெரும்பாலும் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள யு.எச்.எஃப்.இல், ஏ.எம். முறையில் (அலையின் வீச்சை மாற்றிக் குரலை ஏற்றும் முறை) பேசுகிறது. சிவில் விமானங்களின் குரல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ், அதுவும் ஏ.எம். கப்பல்கள் தங்களுக்குள் பேசும் மரைன் வி.எச்.எஃப். 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது, ஆனால் எஃப்.எம். (அலையின் அதிர்வெண்ணை மாற்றும் முறை). பிரிட்ஜில் தொங்கும் கையடக்க மரைன் ரேடியோவை எடுத்து ஹெலிகாப்டரைக் கூப்பிட்டால், ஹெலிகாப்டரில் தனியாக மரைன் பேண்ட் செட் இல்லாதவரை அங்கே யாருக்கும் கேட்காது. புதிதாக வருபவர்கள் அவசரத்தில் செய்யும் தவறு இது.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை: விமான அபாய அலைவரிசை 121.5, ராணுவ அபாய அலைவரிசை 243.0, கப்பல்களுக்குச் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். 243 என்பது 121.5இன் சரியாக இரு மடங்கு. அபாய அலைவரிசையை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் அதில் ரேடியோ சோதனை செய்யக் கூடாது.

பணிக்கு முதன்மை ஒன்று, மாற்று ஒன்று என்று இரண்டு அலைவரிசை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். முதன்மை அடைபட்டால் 'மாறுவோமா' என்று கேட்க வழி இருக்காது. அதனால், அழைத்துப் பதில் வராமல் இத்தனை விநாடி ஆனால் எல்லோரும் தாமாக மாற்றுக்குப் போவது என்று பறப்பதற்கு முந்தைய கூட்டத்திலேயே பேசி வையுங்கள்.

பறப்பதற்கு முன்

ரோட்டர் சுற்றுவதற்கு முன்பே சோதனை முடிய வேண்டும். சுற்ற ஆரம்பித்த பிறகு சத்தத்தில் எது ரேடியோக் கோளாறு, எது காதுக் கோளாறு என்று பிரிக்க முடியாது.

முதலில் உள்தொடர்பு: பிரிட்ஜ், கட்டுப்பாட்டு அறை, தளம், தீயணைப்புக் குழு. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். 'எல்லோரும் கேட்கிறீர்களா' என்ற கேள்வி எதையும் நிரூபிக்காது. கேட்காதவர் பதில் சொல்ல மாட்டார், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். மின்சாரமே இல்லாமல் குரலின் விசையில் ஓடும் தொலைபேசி கப்பலில் இருந்தால் அதையும் எடுத்துப் பேசிப் பாருங்கள். மின்சாரம் போகும் நாளில் அதுதான் மிஞ்சும்.

அடுத்து ஹெலிகாப்டரோடு முதன்மை, மாற்று இரண்டிலும். தெளிவை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்வது வழக்கம். 3 என்றால் கஷ்டப்பட்டுத்தான் புரிகிறது என்று பொருள். தளத்தில் நிற்கும்போதே 3 என்றால் அந்த ரேடியோவோடு பறக்க விடாதீர்கள், தூரம் போனால் மோசமாகும்.

ஹெட்செட் மைக்கை உதட்டை ஒட்டி வைக்க வேண்டும், சில மில்லிமீட்டர் இடைவெளிதான். இரைச்சலை அகற்றும் மைக் முன்னும் பின்னும் வாங்கும் ஒலியை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. தூரத்து ரோட்டர் சத்தம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக வருவதால் கழிந்துவிடும். வாயை விட்டு மைக் விலகினால் உங்கள் குரலும் இரு பக்கமும் சமமாகப் போய்ச் சேர்ந்து, அதுவும் கழிந்துவிடும். சத்தம் போதவில்லை என்று கத்துவதால் பயனில்லை, மைக்கை நெருக்குங்கள்.

ஒரு முழு அழைப்பு

திரும்பி வரும் ஹெலிகாப்டர் பத்து மைல் தள்ளி அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கப்பலுக்கு 'மதர்' என்பது வழக்கச்சொல். ஹெலிகாப்டரின் அழைப்புப் பெயர் பால்கன் ஒன்-டூ என்று இருக்கட்டும்.

"மதர், பால்கன் ஒன்-டூ, டென் மைல்ஸ் ஆஸ்டர்ன், த்ரீ சோல்ஸ், ஸ்டேட் ஒன் பிளஸ் டூ-ஜீரோ, ஃபார் ரெக்கவரி."

கப்பலுக்குப் பின்னால் பத்து மைலில் இருக்கிறேன், மூன்று பேர் உள்ளே, ஒரு மணி இருபது நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது, இறங்க வருகிறேன். எரிபொருளை லிட்டரிலோ எடையிலோ சொல்லாமல் நேரத்தில் சொல்வதைக் கவனியுங்கள். கேட்பவர் கணக்குப் போட வேண்டியதில்லை. உள்ளே எத்தனை பேர் என்பது ஒவ்வொரு முறையும் வர வேண்டும். கடலில் விழுந்தால் எத்தனை பேரைத் தேடுவது என்று அப்போது கேட்க ஆள் இருக்காது.

"பால்கன் ஒன்-டூ, மதர். கோர்ஸ் டூ-செவன்-ஜீரோ, ஸ்பீட் ஒன்-டூ. ரிலேட்டிவ் விண்ட் போர்ட் டூ-ஜீரோ டிகிரீஸ், ஒன்-எய்ட் நாட்ஸ். பிட்ச் டூ, ரோல் ஃபோர். ஆல்டிமீட்டர் ஒன்-ஜீரோ-ஒன்-டூ. ரெட் டெக்."

கப்பலின் திசை 270, வேகம் 12 நாட், சார்புக் காற்று இடப்பக்கம் 20 டிகிரியிலிருந்து 18 நாட், முன்பின் ஆட்டம் 2 டிகிரி, பக்கவாட்டு ஆட்டம் 4 டிகிரி, உயரமானி அழுத்தம் 1012, தளம் இன்னும் தயாரில்லை. இதே வரிசையில் ஒவ்வொரு முறையும். வரிசை மாறாமல் இருந்தால் நடுவில் ஒரு எண் காணாமல் போனாலும் பைலட்டுக்கு எது போயிற்று என்று தெரியும். காற்று இரண்டு விதம்: உண்மைக் காற்று, கப்பலின் ஓட்டத்தோடு சேர்ந்த சார்புக் காற்று. இறங்குவதற்குச் சார்புக் காற்றுதான் வேண்டும். அதனால் 'ரிலேட்டிவ்' என்ற சொல்லை விடாதீர்கள். உயரமானி அழுத்தம் சரியாகப் போகாவிட்டால் இரவில் மோசம்: ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறு ஏறக்குறைய 27 அடி உயரத் தவறு. ஐந்து தவறினால் 130 அடிக்கு மேல்.

பைலட் எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ரோஜர்' என்பது கேட்டேன் என்றுதான் காட்டும், சரியாகக் கேட்டேன் என்று காட்டாது. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ஒன்பது 'நைனர்', ஐந்து 'ஃபைஃப்', மூன்று 'ட்ரீ'. புரியாவிட்டால் 'சே அகெய்ன்'. 'ரிப்பீட்' என்று கேட்காதீர்கள்; பீரங்கிப் படையின் வழக்கில் அது 'மறுபடி சுடு'.

சொற்களில் உள்ள பொறிகள்

பல கடற்படைகளில் தளத்தின் நிலையை மூன்று நிறத்தில் சொல்வார்கள். சிவப்பு: தளம் தயாரில்லை. மஞ்சள்: ரோட்டரைச் சுற்றவிடலாம், நிறுத்தலாம். பச்சை: எழலாம், இறங்கலாம். அதே நேரத்தில் சில கடற்படைகளில் இடப்பக்கத்தை 'ரெட்', வலப்பக்கத்தை 'கிரீன்' என்று சொல்லும் வழக்கமும் உண்டு; காற்று 'கிரீன் த்ரீ-ஜீரோ' என்றால் வலது முன்பக்கம் முப்பது டிகிரியிலிருந்து வருகிறது. ரேடியோ கரகரக்கும்போது முதல் சொல் மட்டும் காதில் விழுந்த பைலட்டுக்கு அது தளம் பச்சை என்று கேட்கலாம். நிறத்தைத் தளத்துக்கு மட்டும் ஒதுக்கி, காற்றுக்குப் 'போர்ட்', 'ஸ்டார்போர்ட்' என்று சொல்வது நல்லது. தளத்தைச் சொல்லும்போது 'டெக்' என்ற சொல் கூடவே வர வேண்டும்.

இன்னொன்று: ஒரு சொல் விழுந்தால் பொருள் தலைகீழாகும் வாக்கியத்தைப் பயன்படுத்தாதீர்கள். 'நாட் கிளியர் டு லேண்ட்' என்பதில் முதல் சொல் போனால் 'இறங்கலாம்' என்று ஆகிவிடுகிறது. முதல் சொல் போவது அபூர்வம் இல்லை. பொத்தானை அழுத்தியதும் பேச ஆரம்பிப்பவர்களின் முதல் அசை அடிக்கடி வெட்டுப்படும். மறைகுறியாக்கம் போட்ட ரேடியோவில் இரு பக்கமும் ஒத்திசைய ஒரு விநாடிவரை ஆகும். அழுத்துங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு பேசுங்கள். மறுப்பதற்கு 'ரெட் டெக்' போதும். எந்தப் பாதியை இழந்தாலும் அது 'பச்சை' ஆகாது.

'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையான அனுமதிக்கு மட்டும் வைத்திருப்பது சிவில் விமானத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747கள் மோதி 583 பேர் இறந்தார்கள். வழிப்பாதை அனுமதியில் வந்த 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, எழ அனுமதி என்று ஒரு விமானம் எடுத்துக்கொண்டதும் காரணங்களில் ஒன்று. காத்திரு என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம் என்று மற்ற விமானம் சொன்னதும் ஒரே நேரத்தில் விழுந்து, ஓட ஆரம்பித்திருந்த விமானத்தில் கீச்சொலியாகக் கேட்டன. ஏ.எம். முறையின் குணம் இது: இருவர் சேர்ந்து பேசினால் இரண்டும் கலந்து ஊளையிடும். எஃப்.எம்.இல் வலுவானவர் மற்றவரை முழுவதும் மூடிவிடுவார், இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஊளை கேட்டால் அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அது உங்களுக்குக் கிடைக்கவில்லை.

தளம் பச்சை ஆகும்வரை

பச்சைக்கு அனுமதி பிரிட்ஜிலிருந்து வரும். அதற்கு முன் கட்டுப்பாட்டு அறை கேட்க வேண்டியவை: கப்பல் திசை நிலைத்துவிட்டதா, சார்புக் காற்று அந்த ஹெலிகாப்டரின் வரம்புப் படத்துக்குள் (எந்தக் காற்றில் இறங்கலாம் என்று காட்டும் படம்) இருக்கிறதா, ஆட்டம் வரம்புக்குள்ளா, தளத்தில் ஆள், கயிறு, துணி எதுவும் இல்லையா, தீயணைப்புக் குழு இடத்தில் நிற்கிறதா. எல்லாம் ஆம் என்றால் அதிகாரி விளக்கை மாற்றி, அதே சமயம் ரேடியோவில் 'கிரீன் டெக்' என்று சொல்வார். விளக்கும் குரலும் ஒத்துப்போகாவிட்டால் பைலட் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பச்சை கொடுத்த பிறகு பிரிட்ஜ் பத்து டிகிரி திரும்புவதென்றாலும் முதலில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். மீன்பிடிப் படகு ஒன்று குறுக்கே வந்தால் திரும்பத்தான் வேண்டியிருக்கும். அப்போது முதல் வேலை 'ரெட் டெக்', சுக்கான் இரண்டாவது. இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் பகலில் உருண்டை, வைரம், உருண்டை வடிவங்களையும், இரவில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்குகளையும் மேலே ஏற்றுகிறோம்: சுதந்திரமாகத் திரும்ப முடியாத கப்பல் என்று அதற்குப் பொருள். சேனல் 16இல் அக்கம்பக்கக் கப்பல்களுக்கு ஒருமுறை சொல்லிவைப்பதும் வீண்போகாது.

மேகமும் இருட்டுமாக இருந்து ரேடார் குரலை நம்பி வரும்போது விதி தலைகீழ். கன்ட்ரோலர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பைலட் பதில் சொல்ல வேண்டியதில்லை. துல்லிய ரேடார் அணுகலின் கடைசிக் கட்டத்தில் 5 விநாடி குரல் வராவிட்டால் ஏறிச் சுற்றிப் போவது பரவலான விதி. கன்ட்ரோலருக்கு இருமல் வந்தால்கூட ஏதாவது ஒரு சொல் சொல்ல வேண்டும்.

எத்தனை தூரம் கேட்கும்

யு.எச்.எஃப். நேர்க்கோட்டில் போகும். தூரத்தைக் கணக்கிட: இரண்டு ஆண்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். கப்பல் ஆண்டெனா 25 மீட்டர், ஹெலிகாப்டர் 100 மீட்டர்: 5 + 10 = 15, ஆக ஏறக்குறைய 62 கிலோமீட்டர். அதே ஹெலிகாப்டர் 16 மீட்டருக்கு இறங்கினால் 37 கிலோமீட்டர். தேடுதலுக்காகத் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் 'காணாமல் போவது' பெரும்பாலும் இதனால்தான். முதலில் அது மேலே ஏறி மறுபடி கூப்பிட நேரம் கொடுங்கள்.

தூரம் குறைந்தும் கேட்காமல் போகும் இடம் ஒன்று உண்டு: கப்பலின் பின்பக்கம். ஆண்டெனாவுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே புகைபோக்கியும் ஹேங்கரும் நின்று மறைக்கும். தளத்தில் உட்கார்ந்த ஹெலிகாப்டரின் வயிற்று ஆண்டெனா இரும்புத் தகட்டுக்கு ஒரு சாண் மேலே இருக்கும். கப்பலில் பின்பக்க ஆண்டெனாவுக்கும், ஹெலிகாப்டரில் மேல் ஆண்டெனாவுக்கும் மாற்றிப் பாருங்கள்.

பேச்சு வராதபோது எங்கே பார்ப்பது

விலை உயர்ந்த பெட்டியைத் திறப்பதற்கு முன் மலிவான காரணங்களைப் பாருங்கள்.

தேர்வுக் குமிழ்: ஒன்றாம் ரேடியோவில் கேட்டுக்கொண்டு இரண்டாம் ரேடியோவில் பேசுவது. அடிக்கடி நடக்கும் தவறு இது.

உங்கள் குரல் உங்கள் காதில் திரும்பக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் மைக், வயர் அல்லது பொத்தான். ஹெட்செட் வயர் பிளக்கை ஒட்டிய வளைவில்தான் அறும். அங்கே விரலால் அசைத்தபடி பேசிப் பாருங்கள்.

தூரத்துக் குரல் மட்டும் வரவில்லை என்றால் ஸ்குவெல்ச் (வலுக்குறைந்த ஒலியை அடைக்கும் குமிழ்) இறுக்கமாக இருக்கலாம். முழுக்கத் திறந்து இரைச்சலோடு கேளுங்கள்.

அலைவரிசை தாவும் முறையில் (இரு பக்கமும் சேர்ந்து அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பது) எதுவுமே கேட்கவில்லையா? அன்றைய மறைகுறிச் சாவி ஏறியிருந்தும் கடிகார நேரம் ஒத்துப்போகாமல் இருக்கும். நேரத்தை மறுபடி ஏற்றுங்கள். அதுவரை சாதாரண முறையில் பேசுங்கள்.

அலைவரிசை முழுவதும் திடீரென்று அமைதியாகி, யாரோ மூச்சு விடுவதோ என்ஜின் சத்தமோ மட்டும் கேட்டால் ஒருவரின் பொத்தான் அழுந்தி மாட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்கு எதுவும் கேட்காது, அதனால் அவரைத் திட்டிப் பயனில்லை. மற்றவர்கள் மாற்று அலைவரிசைக்குப் போய்விட்டு, ஒவ்வொரு செட்டாக ஒலிபரப்பு விளக்கைப் பார்க்க வேண்டும்.

சில மாதமாக மெல்ல மெல்ல மங்கிய ரேடியோ என்றால் உப்பு. ஆண்டெனா வயரின் இணைப்பைக் கழற்றினால் பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருக்கும். நன்னீரில் கழுவி உலர்த்துவது வெளிப்புறத்துக்குத்தான். இணைப்புக்குள் உப்பு நுழைந்துவிட்டால் மாற்றுவதே தீர்வு.

எச்.எஃப். ஆபத்து

எரிபொருள் நிரப்பும்போதும் ஆயுதம் ஏற்றும்போதும் எச்.எஃப். (கப்பலின் நீண்ட தூர ரேடியோ) ஒலிபரப்பை நிறுத்த வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மீட்டர். அதில் பாதி 15 மீட்டர், ஏறக்குறைய ஒரு ஹெலிகாப்டரின் நீளம். அதாவது தளத்தில் நிற்கும் ஹெலிகாப்டரே நல்ல ஆண்டெனாவாகி மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும். தொட்ட விரல் சுடும், பொறி தட்டலாம், மின்சாரத்தால் வெடிக்கும் திரி தானாக விழித்துக்கொள்ளலாம். வாய்மொழியாக 'நிறுத்தியாச்சு' என்பதை ஏற்காதீர்கள். ஒலிபரப்பியின் சுவிட்சில் எச்சரிக்கைச் சீட்டுக் கட்டி, யார் கட்டினார், எத்தனை மணிக்கு என்று எழுதிய பிறகே குழாயை இணையுங்கள்.

ரேடியோ முழுவதும் செத்துப்போனால்

ஹெலிகாப்டர் டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு எண் குறியீட்டால் தானாகப் பதில் சொல்லும் கருவி) 7600 போடும். பொதுவான அபாயம் என்றால் 7700. பைலட்டால் கேட்க மட்டும் முடிகிறது, பேச முடியவில்லை என்று சந்தேகம் வந்தால் ஆம், இல்லை என்ற கேள்விகளாகக் கேளுங்கள்: 'கேட்டால் இரண்டு முறை பொத்தானை அழுத்து'. குரல் போகாவிட்டாலும் அந்தக் கிளிக் ஒலி பெரும்பாலும் வந்து சேரும்.

அதுவும் இல்லை என்றால் ஹெலிகாப்டர் கப்பலின் பக்கவாட்டில், பிரிட்ஜ் பார்க்கும்படி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கடந்துபோகும். கப்பல் விளக்கால் பதில் சொல்லும். விமான நிலையங்களில் நிலையான பச்சை இறங்க அனுமதி, நிலையான சிவப்பு சுற்றிக்கொண்டிரு. கப்பலிலும் அதேதான் என்று ஊகிக்காதீர்கள். எந்தப் பக்கம் கடப்பது, எந்த விளக்குக்கு என்ன பொருள் என்பது வேறு கப்பலிலிருந்து வரும் ஹெலிகாப்டருக்குத் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

தூரத்தில் இருக்கும் ஹெலிகாப்டர் குறித்த இடைவெளியில், பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை, 'ஆப்ஸ் நார்மல்' (எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது) என்று சொல்லும். அந்த அழைப்பு வராவிட்டால் முதன்மையில் கூப்பிடுங்கள், மாற்றில் கூப்பிடுங்கள், பிறகு 243.0லும் 121.5லும். கூடவே ரேடாரில் கடைசியாகத் தெரிந்த இடத்தைப் படத்தில் குறித்து, பக்கத்தில் எழுதுங்கள்: மணி, திசை, உயரம், உள்ளே எத்தனை பேர், மீதி எரிபொருள். எரிபொருள் தீரும் மணியையும் அப்போதே கணக்கிட்டு எழுதிவிடுங்கள். பதில் வரட்டும் என்று காத்திருந்து எழுதினால் கடைசி இடம் சில மைல் தள்ளிப் போய்விடும்.